கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் போகவேண்டும்

வாசல்வரை வந்த இணையம் பின்னறைக்கு ஏன் வருவதில்லை? புத்தூரில் ஒரு வீட்டு வைஃபையின் வழித்தடம்

"தம்பி, பேரன்ரை முகம் அப்பிடியே நிண்டிட்டுது. கொஞ்ச நேரம் குரல் வந்தது. இப்ப அதுவும் இல்லை."

பெரியம்மா கைபேசியை யன்னல் பக்கமாக உயர்த்திப் பிடித்தபடி கட்டிலில் இருந்தார். சனிக்கிழமை இரவு எட்டு மணி. ரொறன்ரோவில் அப்போது காலை பத்தரை. வாரத்தில் ஒரு நாள், பேரன் பல் விளக்கிச் சாப்பிட்டுவிட்டு வந்து பேசும் நேரம் அது. முழங்கால் வலியால் பெரியம்மாவுக்கு முன் ஹோல்வரை நடக்க முடியாது. அந்தப் பின்னறைதான் அவருடைய உலகம். அந்த அறைக்குள்தான் வைஃபை வர மறுத்தது.

புத்தூர்ச் சந்தியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கையில் இருக்கிற வீடு. முன்பகுதி அண்மையில் கட்டியது. சீமெந்துக் கல்லும் பிளாற்றும். பின்பகுதி அப்பப்பா காலத்துச் சுண்ணக்கல் சுவர், ஒன்றரை அடித் தடிப்பு. ஹோலுக்குப் போய்ப் பார்த்தேன். ஷோகேஸ் கண்ணாடிக்குள், ரிவிக்குப் பின்னால், பட்டமளிப்புப் படத்துக்கு அருகில் ரவுட்டர் இருந்தது. தூசு படாமலிருக்க அதன்மேல் பின்னல் துணி விரித்திருந்தார்கள். விளக்குகள் எல்லாம் பச்சை. கைபேசியை அதன் பக்கத்தில் வைத்து வீடியோ ஒன்றைப் போட்டேன். ஒரு கணம்கூடத் தடங்கவில்லை.

வீட்டார் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். வருகிற மாதம் பெரிய பக்கேஜுக்கு மாறுவது. பட்டினத்தில் நாலு அன்ரெனா வைத்த ரவுட்டர் ஒன்று வாங்குவது. "உதுதான் பழுதாப் போச்சு" என்று எல்லாரும் ரவுட்டரைக் காட்டினார்கள்.

தோட்டத்திலும் இப்படி நடப்பதுண்டு. கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது. மெசினும் இறைக்கிறது. ஆனால் வெங்காயத் தறையின் கடைசிப் பாத்தி காய்கிறது. புத்தூர்த் தோட்டக்காரர் அதற்காகப் புதுக் கிணறு வெட்டமாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் வழியே நடப்பார். எங்கே உடைத்திருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று பார்ப்பார். வீட்டு வைஃபைக்கும் அதே நடைதான் வேண்டும். அந்த நடையை வீட்டிலுள்ள ஒருவராவது பழகியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காத்திருந்து பழகிய ஊர்

வலிகாமத்து மக்களுக்கு ஒரு அழைப்பின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அந்த நாட்களில் பிள்ளை எங்கே, தாய் எங்கே என்று அறியக் கடிதங்களுக்காகக் கிழமைக் கணக்கில் காத்திருந்தார்கள். 2002இன் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகுதான் குடாநாட்டில் கைத்தொலைபேசி பரவத் தொடங்கியது. அதற்குப் பின்னரும் பல காலம், வெளிநாட்டு அழைப்பு வரும் என்று கொமியூனிகேசன் கடை வாங்கில் குந்தியிருந்தவர்கள் இன்றைக்கும் இந்த ஊரில் இருக்கிறார்கள். பெரியம்மாவும் அவர்களில் ஒருவர்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது கைபேசியே வகுப்பறையானது. 2021இல் பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவவில் ஆசிரியையும் மாணவர்களும் சிக்னல் தேடிக் காட்டு வழியே பாறை உச்சிக்கு ஏறிய செய்தி உலகமெங்கும் போனது. நமது ஊர்களில் அவ்வளவு தூரம் ஏற வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஒரே வீட்டுக்குள் ஹோலில் பாடம் நடந்தது, அறையில் நடக்கவில்லை. கிணற்றடி வேப்பமரத்துக்குக் கீழே கதிரை போட்டுப் படித்த பிள்ளைகள் பலர். அப்போது விழுந்த வழக்கம் பல வீடுகளில் இன்னும் மாறவில்லை. "அந்த அறையிலை நெற் இழுக்காது" என்பது வீட்டின் இயல்பு போலவே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. அது இயல்பு அல்ல, திருத்தக்கூடிய குறை.

காற்று ஒரு பங்குக் கிணறு

வைஃபை என்றால் நாம் காசு கொடுத்து வாங்கிய இணைப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் வாங்குவது வாசல்வரை வரும் பைபர் நூலையோ சிம் இணைப்பையோதான். ரவுட்டரிலிருந்து கைபேசிவரை உள்ள கடைசி முப்பது அடி வெறும் வானொலி அலை. அந்த அலைவெளி யாருக்கும் சொந்தமில்லை. அயலவருக்கும் நமக்கும் பொது.

இந்தப் பொதுவெளியில் பேசும் முறையை முதலில் செய்துகாட்டியது ஒரு தீவுக்கூட்டம். 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சனும் அவருடைய குழுவினரும் தீவுகளுக்கிடையே கணினிகளை வானொலி அலையால் இணைத்தார்கள். அலோஹாநெற் என்று அதற்குப் பெயர். எல்லா நிலையங்களும் ஒரே அலைவரிசையில் அனுப்பின. இரண்டு நிலையங்கள் ஒரே கணத்தில் அனுப்பினால் இரண்டும் கெட்டன. கெட்டால் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரம் பொறுத்திருந்து மறுபடி அனுப்பும். 1985இல் அமெரிக்கா சில அலைவரிசைகளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. அந்த வழியில் 1997இல் 802.11 என்ற தரநிலை பிறந்தது. வைஃபை என்ற பெயர் 1999இல் வந்தது. அலோஹாவிலிருந்து ஒரு படி மேலே போய், வைஃபை பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கிறது. வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தால் முறை வரும்வரை பொறுக்கிறது.

காணியோடு கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்காலையும் சேர்த்து உறுதி முடிக்கிற நமக்கு இது புதிய சங்கதி அல்ல. ஒரு கிணற்றுக்கு நாலு பங்காளி என்றால் இறைப்பு முறை இருக்கிறது. ஒருவர் இறைக்கும்போது மற்றவர் பொறுப்பார்.

பெரும்பாலான வீடுகளில் ஓடும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் 13 சனல்கள் எண்ணிடப்பட்டுள்ளன. ஆனால் சனலுக்குச் சனல் இடைவெளி 5 மெகாஹேர்ட்ஸ்தான். ஒரு ரவுட்டருக்கு வேண்டிய அகலமோ 20. ஆகவே ஒன்றோடொன்று முட்டாமல் பொதுவாகப் பயன்படுத்தும் சனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அயலவர் 6இல் இருக்கிறார் என்று விலகி நாம் 4இல் போய் நின்றால் நல்லது செய்வதாகத் தோன்றும். நடப்பது எதிர்மாறு. ஒரே சனலில் இருக்கும் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றையொன்று கேட்டு முறை எடுக்கும். பாதி பாதியாக மேலே விழும் சனல்களில் ஒருவர் பேச்சு மற்றவருக்கு விளங்காது, இரைச்சலாக மட்டும் விழும். பங்காளியோடு முறை பேசிக்கொள்ளலாம். வரம்பை உடைத்துவிட்டு யாரோடும் பேச முடியாது.

பெரியம்மா வீட்டு ரவுட்டர் 4ஆம் சனலில்தான் நின்றது. கைபேசியில் இருக்கும் இலவச வைஃபை அளக்கும் செயலியில் அயலிலிருந்து ஏழு பெயர்கள் தெரிந்தன. பெரும்பாலானவை 1, 6. பதினொன்றில் ஒன்றே ஒன்று, அதுவும் மெலிந்து. 11க்கு மாற்றி, சனல் அகலத்தை 40இலிருந்து 20க்குக் குறைத்தேன். அகலம் கூடினால் வேகம் கூடும் என்பது ஆளில்லாத வெளிக்குச் சரி. சந்தியடியில், அடுத்தடுத்து வீடுகள் இருக்குமிடத்தில், அகலமான வாய்க்கால் அயலவர் காணிக்குள்ளேதான் போகும்.

நாலு அன்ரெனா, எட்டு அன்ரெனா என்று வலுவைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் ஒரு எல்லை உண்டு. நமது நவக்கிரியில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். குடாநாட்டின் சுண்ணக்கல் நிலமெங்கும் இதே கதைதான். கடல்நீரின் மேல் நன்னீர் மிதக்கிறது. ஆளுக்காள் பெரிய மெசின் பூட்டி அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறி எல்லாக் கிணறும் கெடும். அலைவெளியும் அப்படி. ஒவ்வொரு வீடும் முழுவலுவில் கத்தினால் எல்லா வீட்டிலும் இரைச்சல்தான் ஏறும். இதில் இன்னொன்றும் இருக்கிறது. ரவுட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் கைபேசி பதில் சொல்ல வேண்டும். கைபேசியின் சின்னக் குரல் திரும்பி வராவிட்டால் பேச்சு நடக்காது.

சுவரோடு ஒரு கணக்கு

சிக்னலை அளக்கும் அலகு டிபிஎம். எண் எப்போதும் கழித்தல் குறியோடு வரும். பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் நல்லது. பத்து இறங்கினால் வலு பத்தில் ஒன்றாகிவிடும். வீடியோ அழைப்பு தடங்காமல் ஓட −67 அல்லது அதைவிட மேல் வேண்டும் என்பது துறையில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. −80 வந்தால் பெயர் தெரியும், வேலை நடக்காது.

கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஷோகேஸிலிருந்து நடந்தோம். கூடவே பெரியம்மாவின் பேத்தி, சாதாரண தரம் படிக்கிற பிள்ளை, கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். ஷோகேஸ் முன்னால் −41. நடு அறை வாசலில் −58. நடு அறையில் நிலைக்கண்ணாடி பதித்த இரும்பு அலுமாரிக்கு இந்தப் பக்கம் −63, அந்தப் பக்கம் −70. சுண்ணக்கல் சுவர் தாண்டிப் பெரியம்மாவின் கட்டிலில் −79. முன் ஹோலில் இருந்த வலுவில் ஆறாயிரத்தில் ஒரு பங்குதான் கட்டிலுக்கு வந்து சேர்ந்தது.

"அப்ப பழுது ரவுட்டரிலை இல்லை, வழியிலைதான்" என்றாள் பிள்ளை. அவ்வளவுதான் விசயம்.

வீட்டுக்குள் அலையைத் தின்பவை எவை என்று தெரிந்துகொள்வது நல்லது. மரக்கதவும் பலகையும் கொஞ்சம்தான் எடுக்கும். செங்கல் அதைவிடக் கூட. கம்பி கட்டிய கொங்கிறீற்றும் தடித்த கல்லும் மிகவும் கூட. இரும்பு அலுமாரி, தகரக் கூரை, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை அலையைத் திருப்பி அடிக்கும். கண்ணாடியின் பின்னால் பூசிய உலோகப் பூச்சும் அப்படியே. தண்ணீர் விழுங்கும், கூரைத் தாங்கியும் மீன்தொட்டியும் இலை அடர்ந்த மாமரமும் அதனால்தான் தடையாகின்றன. 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் வேகம் கூட, நெருக்கடி குறைவு. ஆனால் சுவரில் இன்னும் வேகமாக இளைத்துப்போகும். ஹோலில் ரிவிக்கு 5, தூரத்து அறைக்கு 2.4 என்று பிரித்துக்கொள்வது பழைய கல்வீடுகளுக்குப் பொருந்தும்.

நேராக நிற்கும் அன்ரெனாவிலிருந்து அலை பரவும் உருவம் உழுந்து வடையைப் போன்றது. வடையின் ஓட்டைக்குள் அன்ரெனா; சுற்றிவரத் தடிப்பு; நேர் மேலும் கீழும் வெறுமை. ஆகவே ஒருமாடி வீட்டில் அன்ரெனா நிமிர்ந்து நிற்கட்டும். மேல்மாடி இருந்தால் ஒன்றைச் சரித்து வைக்கலாம்.

சுவரோரம் சுருட்டி வைத்திருந்த பைபர் கேபிளில் இன்னும் மூன்று மீற்றர் மிச்சமிருந்தது. அதை மடிக்காமல், பெரிய வளையமாகவே விட்டு எடுத்து, ரவுட்டரை ஷோகேஸிலிருந்து கழற்றி, நடு அறை வாசலுக்குப் பக்கத்தில் ஆறடி உயரத்தில் ஒரு பலகைத் தட்டில் வைத்தோம். பின்னல் துணி மடித்து உள்ளே போனது. அலுமாரியை ஒரு முழம் தள்ளினோம். கட்டிலில் மறுபடி அளந்தபோது −66. வலு இருபது மடங்கு கூடிவிட்டது. செலவு ஒரு பலகையும் நாலு ஆணியும்.

வாய்க்கால் வழியே நடப்பது

எல்லாப் பழுதும் சுவரில் இருக்காது. ஆகவே எந்த வீட்டிலும் ஒரே ஒழுங்கில் நடந்து பார்க்க வேண்டும். ஊற்றிலிருந்து பாத்திக்கு, ஒரு படியையும் பாயாமல்.

முதலாவது, விளக்குகள். பைபர் இணைப்பென்றால் பொன் (PON) என்று எழுதிய விளக்கு நிலையாகப் பச்சையாக எரிய வேண்டும். லொஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். கேபிள் மடிந்திருக்கலாம், மரக்கொப்பு விழுந்து வீதியில் அறுந்திருக்கலாம். அந்நேரம் வைஃபையை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. நிறுவனத்துக்குத்தான் சொல்ல வேண்டும். கழன்ற பைபர் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.

இரண்டாவது, கம்பி. மடிக்கணினி இருந்தால் ரவுட்டரோடு நேரே கேபிளால் இணைத்துப் பாருங்கள். கம்பியில் நன்றாக ஓடி வைஃபையில் தடங்கினால் பழுது காற்றில். கம்பியிலும் தடங்கினால் பழுது ரவுட்டரிலோ அதற்கு வெளியிலோ. இந்த ஒரு சோதனையே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

மூன்றாவது, கிட்ட நின்று ஒரு தரம், தூர நின்று ஒரு தரம். கிட்ட நல்லது, தூரத்தில் கெட்டது என்றால் சுவர். கிட்டவும் கெட்டது என்றால் சனல் நெருக்கடி அல்லது ரவுட்டர்.

நான்காவது, ஒரு கருவிக்கு மட்டுமா, எல்லாருக்குமா? ஒரே ஒரு கைபேசி மட்டும் அடம்பிடித்தால் அதில் அந்த வைஃபையை மறக்கச் செய்து, கடவுச்சொல்லைப் புதிதாகப் போடுங்கள். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை என்று அர்த்தம். 192.168.1.1 போன்ற ரவுட்டர்ப் பக்கம் திறக்கிறது, வெளித்தளம் ஒன்றும் திறக்கவில்லை என்றால் வீட்டுக்குள் எல்லாம் சரி, தடங்கல் வெளியே.

ஐந்தாவது, நேரம். காலையில் பறக்கிறது, இரவு ஏழு தொடக்கம் பத்துவரை ஊர்கிறது என்றால் மூன்று நாள் காலையும் இரவும் கேபிளில் வேகத்தை அளந்து எழுதி வையுங்கள். "நெற் சரியில்லை" என்ற முறைப்பாட்டுக்கு வராத பதில், திகதியும் நேரமும் எண்ணும் எழுதிய தாளுக்கு வரும்.

வீடியோ அழைப்புக்கு நொடிக்குச் சில மெகாபிற் போதும். ஆகவே அழைப்பு உறைந்தால் பெரும்பாலும் பக்கேஜ் சின்னது என்பது காரணமாக இராது. யாரோ ஒருவரின் கைபேசி கலியாண வீட்டுப் படங்கள் இருநூறைத் தானாக மேலேற்றிக்கொண்டிருக்கும். மேலே போகும் பாதை குறுகலானது. அது நிரம்பியதும் பேச்சு வரிசையில் கடைசியில் நிற்கும். படம் ஏற்றும் வேலையை நள்ளிரவுக்கு மாற்றிவிட்டால் அழைப்புக்கு வழி திறக்கும். தூரத்து மூலையில் மெலிந்த சிக்னலோடு வீடியோ பார்க்கும் கைபேசியும் மற்றவர்களைப் பாதிக்கும். நொடிக்கு 6 மெகாபிற்றில் பேசும் கருவி, 120இல் பேசும் கருவி அனுப்பும் அதே அளவை அனுப்ப இருபது மடங்கு நேரம் எடுக்கும். மற்ற எல்லாரும் அதுவரை முறைக்குக் காத்திருப்பார்கள். தூரத்து அறையைச் சரிசெய்தால் கிட்ட இருப்பவர்களுக்கும் வேகம் கூடுவது இதனால்தான்.

சிம் போட்ட 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு வாய்க்காலைப் பார்க்க வேண்டும். கோபுரத்திலிருந்து ரவுட்டருக்கு ஒன்று. ரவுட்டரிலிருந்து கைபேசிக்கு இன்னொன்று. ரவுட்டரை வீட்டின் நடுவில் வைத்தால் இரண்டாவது நன்றாகும், முதலாவது கெடும். கோபுரம் இருக்கும் திசையில் யன்னலருகே வைத்து, உள்ளறைக்கு வேறொரு வழி செய்வதே சரி.

ஒரு எச்சரிக்கை. ரவுட்டரை நூத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துப் போடுவது வேறு; பின்னாலுள்ள சின்ன ஓட்டைக்குள் ஊசியை விட்டு அழுத்துவது வேறு. முதலாவது நித்திரையால் எழுப்புவது. இரண்டாவது, நிறுவனம் எழுதி வைத்த பயனர் பெயரையும் அமைப்பையும் முழுவதும் அழித்துவிடும். எங்கள் ஒழுங்கையிலேயே ஒரு வீட்டில், உதவி செய்ய வந்த பிள்ளை அந்த ஓட்டையில் கம்பியை விட்டு அழுத்த, மூன்று நாள் வீடு இணைப்பில்லாமல் கிடந்தது.

இரண்டாவது பெட்டி

பேத்தி படிக்கிற அறை கிணற்றடிக்குப் பக்கத்தில், வீட்டோடு ஒட்டாமல் தனியாகக் கட்டியது. அங்கே ரவுட்டரை எங்கே நகர்த்தினாலும் −85தான். இந்த இடத்தில் இன்னொரு பெட்டி வேண்டியது உண்மை. எந்தப் பெட்டி என்பதுதான் கேள்வி.

கடையில் மலிவாகக் கிடைப்பது ரிப்பீற்றர். அது கேட்டதைத் திருப்பிச் சொல்வது. ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே சொல்வதால் வேகம் பாதியாகும். பலர் அதைச் சிக்னல் இல்லாத அறையிலேயே செருகிவிடுகிறார்கள். காது கேளாத இடத்தில் நின்றுகொண்டு அது எதைத் திருப்பிச் சொல்லும்? வைப்பதென்றால் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில் வைக்க வேண்டும்.

மெஷ் என்பது பல பெட்டிகள் தமக்குள் பேசி ஒன்றாக இயங்கும் ஏற்பாடு. இந்த எண்ணத்தை இலங்கையின் ஒரு கிராமமே முன்னோடியாகச் செய்து பார்த்திருக்கிறது. அநுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சியவில் 2006இல் கம்பியில்லா மெஷ் வலையால் வீடுகள் இணைக்கப்பட்டன. தென்னை மரங்களுக்கும் குளங்களுக்கும் நடுவில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கணினி பழகினார்கள்.

ஆனால் கேபிள் இழுக்கக்கூடிய இடத்தில் கேபிளை மிஞ்ச ஒன்றுமில்லை. நாங்கள் செய்தது இதுதான்: பழைய ரவுட்டர் ஒன்றை அக்சஸ் பொயின்ற்றாக மாற்றினோம். அதன் அமைப்புப் பக்கத்தில் முகவரியை 192.168.1.2 ஆக்கினோம், முதல் ரவுட்டர் 192.168.1.1 என்பதால் இரண்டும் முட்டக்கூடாது. டிஎச்சிபி என்ற முகவரி வழங்கும் வேலையை இதில் நிறுத்தினோம். ஒரு வீட்டில் முகவரி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். கேபிளை வான் (WAN) என்று எழுதிய துளையில் செருகாமல், லான் (LAN) துளையில் செருகினோம். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முதல் ரவுட்டரில் உள்ளதே. சனல் மட்டும் வேறு, அங்கே 11, இங்கே 1. கட் 6 கேபிள் இருபத்தைந்து மீற்றர், பிவிசி குழாய்க்குள். நூறு மீற்றர்வரை இந்தக் கேபிள் தாங்கும்.

இரண்டு பெட்டி வந்ததும் ஒரு புது முறைப்பாடு வரும்: "அறைக்கு வந்தும் போன் பழைய ரவுட்டரையே பிடிச்சுக்கொண்டு நிக்குது." எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று தீர்மானிப்பது கைபேசிதான். முதல் ரவுட்டரின் குரல் மெல்லக் கேட்டுக்கொண்டிருக்கும்வரை பல கைபேசிகள் அதை விடமாட்டா. இதற்கு மருந்து வலுவைக் கூட்டுவது அல்ல, குறைப்பது. அக்சஸ் பொயின்ற்றின் ஒலிபரப்பு வலுவை நடுத்தரத்துக்கு இறக்கினால் அதன் எல்லை அறையோடு நிற்கும். முதல் ரவுட்டருக்கும் அப்படியே செய்தால் கைபேசி நேரத்துக்கு மாறிக்கொள்ளும்.

மின்சாரமும் மின்னலும்

ரவுட்டர் அடிக்கடி தானாக நின்று எழும்பினால், ரவுட்டரைக் குறைசொல்லுமுன் அதன் அடப்டரைத் தொட்டுப் பாருங்கள். வருடக்கணக்காக இரவு பகலாகச் செருகிக் கிடக்கும் அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி சூட்டில் தளர்ந்துபோகும். 12 வோல்ற் என்று எழுதியிருக்கும், பாரம் கூடியதும் அதைக் கொடுக்க முடியாமல் இறங்கும். ஆகவே பகலில் சும்மா நிற்கும்போது நன்றாக இருந்து, இரவில் எல்லாரும் சேரும்போது விழும். அதே வோல்ற், அதே அளவு அல்லது கூடின அம்பியர், அதே துருவம் பார்த்து வேறொன்று மாற்றினால் சரியாகும்.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை யாரும் மறக்கவில்லை. அப்போது பலர் ரவுட்டருக்கென்றே சின்ன 12 வோல்ற் யுபிஎஸ் வாங்கினார்கள். நல்ல பழக்கம். பைபர் பெட்டி வேறு, ரவுட்டர் வேறு என்றிருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மின்னலுக்குப் பயப்படத்தான் வேண்டும். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடியோடு மழை வரும் காலம். பழைய செப்புத் தொலைபேசிக் கம்பி மின்னலை வீட்டுக்குள் கொண்டுவரும் வழி. கட்டடத்துக்குக் கட்டடம் ஓடும் கேபிளும் அப்படியே; பேத்தியின் அறைக் கேபிளும் அதில் அடக்கம். இடி முழங்கத் தொடங்குமுன் மின் பிளக்கையும் இந்தக் கேபிளையும் இரண்டு பக்கமும் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறோம். பைபர் நூல் கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. ஆனால் அதன் பெட்டி மின் பிளக்கில்தான் செருகியிருக்கிறது.

கதவும் திறப்பும்

வைஃபைக்கு இரண்டு திறப்பு உண்டு. ஒன்று கைபேசியை இணைக்கும் கடவுச்சொல். மற்றது ரவுட்டரின் உள்பக்கத்துக்குள் போகும் நிர்வாகக் கடவுச்சொல். பலர் முதலாவதை மாற்றுவார்கள். இரண்டாவது தொழிற்சாலையில் போட்டபடியே கிடக்கும். 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படிக் கிடந்த கமெராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்து, பெரிய இணையத்தளங்களையே முடக்கியது. அந்த வருடம் நவம்பரில் ஜேர்மனியில் மட்டும் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு தாக்குதலால் விழுந்தது.

ஆகவே நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3இல் வையுங்கள். பழைய டபிள்யூஇபி 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது. டபிள்யூபிஎஸ் என்ற வசதியின் எட்டு இலக்க எண்ணை ஊகித்துப் பிடிக்கலாம் என்று 2011இல் காட்டப்பட்டது; அதை நிறுத்திவிடலாம். வருகிற விருந்தாளிகளுக்கும் ரியூசனுக்கு வரும் பிள்ளைகளுக்கும் விருந்தினர் வலை ஒன்றைத் திறந்து விடுங்கள். கேட்பவருக்கு இல்லையென்று சொல்லத் தேவையில்லை. வீட்டின் சாவிக்கொத்தைக் கொடுக்கவும் தேவையில்லை.

அலுமாரிக் கதவில் ஒரு தாள்

இவ்வளவையும் செய்துமுடிக்க எங்களுக்குப் பிறகொரு நாள் ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. ஆனால் தொடங்குவதற்கு மட்டும் இரண்டு மணித்தியாலம் வீணானது. காரணம், நிர்வாகக் கடவுச்சொல் ரொறன்ரோவில் இருந்தது. பெரியம்மாவின் மகன் விடுமுறைக்கு வந்து நின்றபோது இணைப்பு எடுத்து, ரவுட்டரைப் பூட்டி, எல்லாவற்றையும் தன் கைபேசியில் குறித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். அவன் நித்திரையால் எழும்பும்வரை நாங்கள் காத்திருந்தோம்.

குடாநாட்டில் ஆயிரம் வீடுகளின் கதை இது. பூட்டுகிறவர்கள் போய்விடுகிறார்கள். இருப்பவர்கள் தொடப் பயப்படுகிறார்கள். "உதை நான் தொடவே மாட்டன், தம்பி. தொட்டா எல்லாம் போயிடும்" என்று பெரியம்மா சொன்னார். துலாவால் தோட்டம் இறைத்த கை அது. மெசின் வந்தபோது அதையும் பழகிய கை. யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் இதையும் பழகியிருக்கும்.

ஆகவே கடைசி வேலையாகப் பேத்தி ஒரு தாள் எடுத்தாள். பெரிய எழுத்தில் எழுதினாள். ரவுட்டரின் முகவரி. இரண்டு கடவுச்சொற்களும். எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிய வேண்டும். நெற் நின்றால் முதலில் எதை நூத்து, எவ்வளவு நேரம் கழித்துப் போட வேண்டும். ஊசி விடக்கூடாத ஓட்டை எது. இடி வந்தால் கழற்ற வேண்டிய பிளக்கும் கேபிளும் எங்கே. நிறுவனத்தின் எண்ணும் வீட்டு இணைப்பு இலக்கமும். தாளை இரும்பு அலுமாரிக் கதவின் உட்பக்கம், காணி உறுதி வைத்திருக்கும் தட்டுக்கு மேலே ஒட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை நான் அங்கே இருக்கவில்லை. பேத்திதான் மறுநாள் சொன்னாள். எட்டு மணிக்கு அழைப்பு வந்தது. நடுவில் ஒருமுறை மின்சாரம் போய் வந்ததாம். ரவுட்டர் எழும்பச் சுணங்கியதாம். பேரன் மறுபடி எடுக்கும்வரை பெரியம்மா கட்டிலில் இருந்தபடியே, நடு அறைத் தட்டில் தெரிந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"பச்சை வந்திட்டுது பிள்ளை. இப்ப எடுக்கச் சொல்லு" என்றாராம்.